வழிகாட்டி இல்லாத மூன்று மணி நேரம்

இரண்டாமாண்டு, இளமறிவியல் (வேதியியல்)

கல்விச் சுற்றுலா என்ற அறிவிப்பு பலகையில் ஒட்டப்பட்ட அன்று, நம் கல்லூரியில் மகிழாத மாணவர் உண்டோ? நானும் மகிழ்ந்தேன். ஆனால் சுற்றுலா முடிந்து சூலக்கரைக்குத் திரும்பிய இரவு, என் தாயார் கேட்ட ஒரு கேள்வி என்னைச் சிந்திக்க வைத்தது. அந்தச் சிந்தனையே இக்கட்டுரை.

என் தாயார் பட்டாசு ஆலையில் சரம் பின்னுபவர். தந்தையும் அதே தொழிலில் இருப்பவர். இருவருமே பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலில் மிதித்தவன் நான். சுற்றுலாவுக்குக் கட்டிய பணம் என் தாயார் சனிக்கிழமைகளில் வாங்கிய சம்பளத்திலிருந்து சிறிது சிறிதாக எடுத்து வைத்தது.

"ஏய்யா, இம்புட்டு ரூவா கட்டிப் போயிட்டு வந்தியே, என்னென்ன பாத்த? ஒண்ணொண்ணாச் சொல்லு" என்றார்.

இரண்டரை நாளில் தஞ்சாவூர், வேளாங்கண்ணி, நாகூர், தரங்கம்பாடி, பூம்புகார், சிதம்பரம், பிச்சாவரம் என ஏழு இடங்கள். தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். "ரொம்பப் பெருசும்மா" என்றேன். அதற்கு மேல் சொல்ல எதுவும் வரவில்லை. பூம்புகாரில் கடல் இருந்தது. பிச்சாவரத்தில் படகு இருந்தது. பெயர்ப்பலகையின் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் கைப்பேசியில் இருந்தன. ஆனால் தரங்கம்பாடி என்று வாயைத் திறந்ததும் என்னை நிறுத்த முடியவில்லை. விளக்கணைத்த பின்னும் இருட்டில் சொல்லிக்கொண்டே இருந்தேன். தங்கை எழுந்து உட்கார்ந்து கேட்டாள்.

ஏழில் ஆறு ஊர்கள் என் நினைவில் ஒட்டவில்லை; ஒன்று மட்டும் ஒட்டியது. காரணம் மிக எளியது. அந்த ஓர் ஊரில்தான் எங்களை யாரும் நடத்திச் செல்லவில்லை.

கடலோரத்துப் பழைய கோட்டை நகரங்களுக்கு இன்று உலகெங்கும் சுற்றுலாக் கப்பல்கள் வருகின்றன. நமக்கு அருகிலேயே, 2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு அப்படி ஒரு கப்பல் புறப்பட்டு, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நின்று நின்று சென்றதைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். கப்பல் சில மணி நேரம் நங்கூரமிட்டு நிற்கும். இறங்குகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு சாரார் கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் வரிசையாகப் போவர். மற்றொரு சாரார், புறப்படும் நேரத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, தம் விருப்பம் போல் தெருத்தெருவாக நடப்பர். இரண்டில் எது வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை பயணிக்கு உண்டு.

குரோவேசியா நாட்டில் துப்ரோவ்னிக் என்ற மதில் சூழ்ந்த துறைமுக நகரம் இருக்கிறது. கப்பலிலிருந்து கூட்டங்கூட்டமாக இறங்கிய மக்களால் அதன் கல் வீதிகள் திணறின. 2019 முதல் நாளொன்றுக்கு இரண்டு கப்பல்கள் என்று அந்நகரம் வரம்பு கட்டியது. மந்தையாக வந்து மந்தையாகப் போவதில் ஊருக்கும் பயனில்லை, வந்தவனுக்கும் பயனில்லை என்பதை அந்த ஊரே உணர்ந்துவிட்டது. நமக்குக் கப்பலேற வசதி இல்லை. ஆயினும் நம் சுற்றுலாப் பேருந்தும் ஒரு கப்பல்தானே! ஓர் ஊரில் நிற்கிறது; குறித்த நேரத்தில் கிளம்புகிறது. அந்த இடைவேளையில் நாம் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

தரங்கம்பாடிக்கு எங்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் நாற்பது நிமிடம். கோட்டையைப் பார்ப்பது, படம் எடுப்பது, ஏறுவது. இதுதான் திட்டம். கோட்டையின் முன்னே ஒரு வழிகாட்டி எங்களைச் சேர்த்து நிறுத்தி வைத்துப் பேசினார். "இங்கே ஓசோன் காற்று அதிகம். நுரையீரலுக்கு ரொம்ப நல்லது. எல்லோரும் நன்றாக இழுத்து மூச்சு விடுங்கள்" என்றார். நாற்பத்தெட்டு பேரும் இழுத்து மூச்சு விட்டோம். நானும் விட்டேன்! வேதியியல் மாணவன் நான். ஓசோன் என்பது மூன்று அணு ஆக்சிஜன் என்றும், வானில் மிக உயரத்தில் இருந்தால் நமக்குக் குடை, தரைமட்டத்தில் மூக்கருகே வந்தால் நுரையீரலை அரிக்கும் வாயு என்றும் படித்தவன். கடற்கரையில் நாம் நுகரும் அந்த மணம் பெரும்பாலும் டைமெத்தில் சல்பைடு என்ற கந்தகச் சேர்மத்தால் வருவது. கடற்பாசியும் நுண்ணுயிரிகளும் சேர்ந்து உண்டாக்குவது. இவ்வளவும் தெரிந்தும், வரிசையில் நிற்கும்போது எனக்கு ஐயமே தோன்றவில்லை. கூட்டத்தில் நிற்பவனுக்கு மூச்சு மட்டும் போதும், மூளை வேண்டாம் என்று ஆகிவிடுகிறதோ?

அப்போதுதான் அந்த நல்விபத்து நேர்ந்தது. எங்கள் பேருந்தின் கிளட்ச் பழுதாகிவிட்டது. பொறையாற்றிலிருந்து மெக்கானிக் வந்து சரிசெய்ய மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். உடன் வந்த பேராசிரியர் சற்று யோசித்துவிட்டு, "பையன்கள் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு மணிக்கு நகர வாயிலில் இருக்க வேண்டும். பெண்பிள்ளைகள் இங்கேயே கோட்டை முன்னால் உட்கார்ந்திருங்கள்" என்றார். இந்த இரண்டாவது வாக்கியத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கோட்டைக்குள் திரும்பவும் தனியாகப் போனேன். 1620இல் டென்மார்க்கின் வணிகக் குழுவினருக்குத் தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்தார். அதில் எழுந்தது இக்கோட்டை. டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதியனுப்பிய தமிழ் மடல் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் பயணியர் விடுதியாக இருந்து இப்போது அருங்காட்சியகமாக உள்ள அக்கோட்டையின் கீழ்த்தளத்தில், வெடிமருந்து வைத்திருந்த அறைக்குள் நுழைந்தேன். நாற்பது நிமிடத்தில் அதன் வாசலைக் கடந்து போனவன், இப்போது உள்ளே நின்றேன்.

நண்பர்களே, வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்ததே அன்றைய வெடிமருந்து. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் முன்பே அறிந்த கலவை அது. என் தந்தை வேலை செய்யும் ஆலையில் அறைகள் தள்ளித் தள்ளி இருக்கும். ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது என்பது விதி. ஏன் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் இங்கே, வீரர்களும் அதிகாரிகளும் குடியிருந்த அதே கட்டடத்துக்குள், தடித்த சுவருக்கு நடுவே மருந்தை வைத்திருந்தார்கள். சற்று நேரம் நின்று யோசித்தேன். கோட்டை கட்டியவன் மருந்தை எதிரியிடமிருந்து காக்க நினைத்தான். ஆலை கட்டுகிறவனோ மனிதனை மருந்திடமிருந்து காக்க வேண்டும். ஒன்று பொருளைக் காக்கும் சுவர். மற்றொன்று உயிரைக் காக்கும் இடைவெளி. எங்கள் வட்டாரத்தில் அந்த இடைவெளி சுருங்கும்போதெல்லாம் என்ன நடக்கிறது என்பதை ஆண்டுதோறும் செய்தித்தாள் சொல்கிறது. இந்த எண்ணத்தை எந்த வழிகாட்டியும் எனக்குத் தந்திருக்க முடியாது. அவர் என் வீட்டிலிருந்து வந்தவர் அல்லரே!

அங்கிருந்து வெளியே வந்து ராஜா வீதியில் நடந்தேன். நேரான வீதி. ஒரு முனையில் கடல், மறுமுனையில் 1792இல் கட்டப்பட்ட நகர வாயில். ஒரு காலத்தில் இவ்வூரைச் சுற்றியிருந்த மதிலில் பெரும்பகுதி இன்றில்லை. வாயில் மட்டும் டென்மார்க் அரச முத்திரையோடு நிற்கிறது. வீதியில் 1701இல் எழுந்த சீயோன் ஆலயமும், 1718இல் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயமும் இருக்கின்றன. 1706இல் இங்கு வந்திறங்கிய சீகன்பால்கு, அடுத்த ஆண்டே ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். 1712இல் அச்சு இயந்திரம் வந்தது. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. தாளுக்காகப் பொறையாற்றிலேயே ஆலை வைத்தார்கள்.

இங்கும் வழிகாட்டியின் சொல் ஒன்று நினைவுக்கு வந்தது. "தமிழில் முதல் புத்தகம் அச்சானது இந்த ஊரில்தான்" என்று அவர் கூறியிருந்தார். அது சரியன்று. 1578இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை முதன்மையில் இல்லை. எழுத்து வார்ப்பதும், தாள் செய்வதும், அச்சிடுவதும், கற்பிப்பதும் ஒரே வட்டாரத்தில் தொடர்ந்து நடந்ததில் இருக்கிறது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழில்களால் வாழும் வட்டாரத்திலிருந்து போனவனுக்கு, அவற்றில் இரண்டின் பழைய தடங்களை ஒரே காலையில் கண்டது சொந்த ஊரைக் கண்டது போலிருந்தது.

கடற்கரையில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது ஊராக இருந்தது. கல்வெட்டில் சடங்கன்பாடி என்ற பெயர் வருகிறது. "டேனிஷ்காரர் உண்டாக்கிய ஊர்" என்று நாம் சொல்லிப் பழகியது எவ்வளவு தவறு! கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டு போய்விட்டது. அலை தடுக்கப் போட்ட பாறைகளுக்கருகே கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி என்னைக் கண்டு, "தம்பி எந்த ஊரு?" என்றார்.

"விருதுநகர்ப் பக்கம் சூலக்கரை, பாட்டி."

"பட்டாசு ஊரா? எங்களுக்குத் தண்ணி, ஒங்களுக்கு நெருப்பு" என்று சொல்லிவிட்டு, கருவாட்டைப் புரட்டிப் போட்டார்.

பிறகு 2004 டிசம்பர் 26, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையைப் பற்றிச் சொன்னார். நான் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்னால் நடந்தது அது. எவ்வளவு தூரம் தண்ணீர் வந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். யார் யாரை இழந்தார் என்று நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். ஆழிப்பேரலையைப் பற்றிப் பாடநூலில் படித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தக் கை நீண்ட திசையைப் பார்த்த பிறகுதான் அது எனக்குப் புரிந்தது.

ஒரு துறைமுகம் எப்படி ஓய்கிறது என்பதையும் அங்கே கற்றேன். 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டனர் டேனியர். 1861இல் நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்தது. சரக்கெல்லாம் அங்கே போயிற்று. எந்தப் போரும் நடக்காமலே, தண்டவாளம் வேறு ஊருக்குப் போனதாலேயே ஒரு பட்டினம் தூங்கிவிட்டது. பிழைப்புக்கு ஒரே தொழிலை நம்பும் நம்மவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி அல்லவா இது?

இனி, என்னை மறுத்துக் கேட்கக்கூடியவற்றுக்கு வருகிறேன்.

"வழிகாட்டி இல்லாமல் போனால் மாணவனுக்கு என்ன தெரியும்?" என்பர் சிலர். உண்மைதான். மேலே நான் எழுதிய ஆண்டுகளில் பல, திரும்பி வந்த பிறகு நூலகத்தில் தேடி அறிந்தவை. ஆனால் தேட வேண்டும் என்ற பசியை உண்டாக்கியது அந்த நடைதான். நூலகத்தில் ஒரு வியப்பும் கிடைத்தது. 1791இல் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற அதிகாரி, மீன் ஒன்று பனைமரத்தில் ஏறியதைக் கண்டதாக எழுதினார். லண்டன் லின்னேயக் கழகம் அதனை 1797இல் வெளியிட்டது. நாம் பனையேறிக் கெண்டை என்று அழைக்கும் மீன்! அது உண்மையில் பனை ஏறுமா என்று விலங்கியலார் பின்னர் வழக்காடினர். நம் விலங்கியல் மாணவர்கள் இந்த ஒரு கேள்வியோடு அவ்வூருக்குப் போனால், குளமும் பனையும் அவர்களுக்கு வேறாகத் தெரியாதா?

"பொறுப்பு ஆசிரியர்களுடையது, ஏதாவது நேர்ந்தால் யார் பதில் சொல்வது?" என்பர் வேறு சிலர். இது நியாயமான அச்சம். பிறர் பிள்ளைகளை இரண்டரை நாள் தம் பிள்ளைகளாகக் காத்துக் கொண்டு வந்து சேர்த்த ஆசிரியர்களுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். ஆனால் அச்சத்துக்கு மருந்து, பூட்டி வைப்பதன்று, முன்னேற்பாடு. தனித்தனியே விட வேண்டாம். மூவர் மூவராகப் போகட்டும். கைப்பேசி எண்களை எழுதி வாங்கிக்கொள்ளட்டும். கடலில் இறங்கக் கூடாது என்று கண்டிப்புச் செய்யட்டும். ஆசிரியர் நகர வாயிலில் அமர்ந்திருக்கட்டும். குறித்த மணிக்கு வராதவர்க்கு அடுத்த ஊரில் இறங்க அனுமதி இல்லை என்று சொல்லட்டும். யார் தவறுவர்?

இப்போது அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் மாணவியர். நாங்கள் நடந்த மூன்று மணி நேரமும் அவர்கள் கோட்டை முன்னே, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தனர். பேருந்து கிளம்பியதும், முன் இருக்கையிலிருந்து ஒரு வகுப்புத் தோழி திரும்பி என்னைக் கேட்டார்: "1707ல இங்க பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வச்சாங்கன்னு படிச்சேன். அது எந்த இடம்னு பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. அப்படி ஒன்றைத் தேட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. வெடிமருந்து அறையைத் தேட எனக்குத் தெரிந்தது. பள்ளியைத் தேட அவருக்குத் தெரிந்தது. ஆனால் கால் வைத்து நடக்க அனுமதி இருந்தது எனக்கு மட்டும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு பெண்களுக்குப் பள்ளி திறந்த ஊரில், இந்த நூற்றாண்டின் பட்டப்படிப்பு மாணவியர் மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தனர். நான் அன்று பேசாமல் இருந்தது என் தவறு. இக்கட்டுரையில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சுற்றுலாவை நிறுத்தச் சொல்லவில்லை. வழிகாட்டிகளை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் கேட்பது மூன்றே. ஏழு ஊர்களை மூன்றாகக் குறையுங்கள். போவதற்கு முன் இரண்டு வகுப்புகள் அந்த ஊர்களைப் பற்றி நடத்தி, தத்தம் பாடத்திலிருந்து ஒரு கேள்வியை எழுதி எடுத்துவரச் சொல்லுங்கள். ஒவ்வோர் ஊரிலும் மூன்று மணி நேரம், மாணவர் மாணவியர் அனைவரையும் நடக்க விடுங்கள்.

வீட்டில் புத்தகமும் பயணமும் பழகிய பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி வேறு இடத்திலும் கிடைக்கும். எங்களைப் போன்றோர்க்குக் கல்லூரி ஒன்றே கதி. நாளை வேலை தேடி முன்பின் தெரியாத நகரத்தில் இறங்கும்போது எங்கள் முன்னால் கொடி பிடித்து யாரும் நடக்கப் போவதில்லை. தெரியாத தெருவில் நின்று, நாலு பேரை விசாரித்து, குறித்த நேரத்துக்குப் போய்ச் சேரும் துணிவை, கிளட்ச் பழுதாகும் நாளுக்காகக் காத்திராமல், இந்த மூன்றாண்டுகளுக்குள் எங்களுக்குத் தாருங்கள்.

ஆசிரியப் பெருமக்கள் ஆவன செய்வார்கள் என்று நம்புகிறேன். அடுத்த சுற்றுலாவில் தரங்கம்பாடி இடம்பெறுமானால், 1707ஆம் ஆண்டின் அந்தப் பள்ளி எங்கிருந்தது என்று தேடிப் போகும் மூவரில் அக்கேள்வியைக் கேட்ட தோழி முதல்வராக இருக்கட்டும். எங்கே என்று அவர் வந்து சொன்னதும், என் தாயாரிடம் போய்ச் சொல்ல வேண்டும். விட்ட கதையை அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.